மூன்றாவது ஸ்டியரிங்

சங்ககிரியில் பவானி சாலையில், டயர்க் கடைகளுக்கும் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்கும் நடுவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த குழந்தைவேல், லாரி முதலாளிகளின் பிள்ளைகள் வீடியோ கேமில் கார் பந்தயம் ஓட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மூன்று ஸ்டியரிங்குகளை வரவழைத்து மேசை விளிம்பில் வரிசையாகத் திருகி வைத்த வருஷத்தில்தான் இது நடந்தது; மழை பெய்யாத ஆவணி அது, கோட்டை மலையில் புல் காய்ந்து கிடந்தது, எப்போதும் போல ஊரில் பாதி ஆண்கள் ஊரில் இல்லை, நாக்பூரிலும் கௌஹாத்தியிலும் ராய்ப்பூரிலும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

முதல் ஸ்டியரிங்குக்குள் பல்சக்கரம் இருந்தது, இரண்டாவதற்குள் பெல்ட், மூன்றாவதில் இரண்டும் இல்லாமல் மோட்டாரின் தண்டிலேயே ஸ்டியரிங்கைப் பூட்டியிருந்தார்கள். மூன்றும் செய்கிற வேலை ஒன்றுதான். திரையில் கார் வளைவில் திரும்பினால் கையை எதிர்த்து இழுக்கும், கல்லில் ஏறினால் அதிரும், டயர் வழுக்கினால் சட்டென்று லேசாகிவிடும். கண் பார்க்கிற பாதையைக் கைக்கும் தெரியவைக்கும். எது நல்லது என்று குழந்தைவேலுக்கே தெரியாது. அவர் லாரி ஓட்டியதில்லை, கேமும் ஆடியதில்லை.

அதைத் தேர்ந்தெடுக்க முதலில் வந்தது முதலாளி வீட்டுப் பிள்ளைகள் அல்ல, வளர்மதியும் அவள் புருஷன் பெரியண்ணனும். பெரியண்ணன் பதினெட்டு வருஷம் லாரி ஓட்டியவர். நான்கு மாதத்துக்கு முன்பு, தும்கூர் பக்கத்தில் ஒரு விடியற்காலையில், அவர் கேபினில் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்க, வளர்மதியின் தம்பி மாதேசு வண்டியை ஓட்டிக்கொண்டிருக்க, ஒரு கண் இமைப்பு நேரம் மாதேசு அசந்ததில் வண்டி நின்றிருந்த டிப்பர் மேல் மோதியது. மாதேசுக்கு ஒரு கீறல் இல்லை. பெரியண்ணனின் வலது தோள் நொறுங்கியது. டிப்பரில் லைட் இல்லை என்றுதான் பெரியண்ணன் போலீசிடம் சொன்னார், மாதேசு அசந்ததை யாரிடமும் சொல்லவில்லை; ஆனால் அன்றிலிருந்து மாதேசிடம் ஒரு வார்த்தை பேசவுமில்லை. அவன் வீட்டுக்கு வந்தால் இவர் எழுந்து பின்பக்கம் போய்விடுவார். மாதேசு அதே முதலாளியின் வேறொரு வண்டியில் ஏறி வடக்கே ஓடிக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் சோறு போடுகிறவளாக வளர்மதி இருந்தாள்.

ஈரோட்டில் பிசியோதெரபி பார்க்கிற டாக்டரம்மாதான் இந்த யோசனையைச் சொன்னார்: கையை எதிர்த்து இழுக்கிற கேம் ஸ்டியரிங் ஒன்று வாங்கி தினமும் ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள், தோளுக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது.

பெரியண்ணன் முதல் ஸ்டியரிங்கைப் பிடித்தார். திரையில் சிவப்புக் கார் ஏதோ வெளிநாட்டு மைதானத்தைச் சுற்றியது. இரண்டே வளைவில் கையை எடுத்துவிட்டு, உள்ளே பல் கடிக்குது, கியர் பாக்ஸ் போன வண்டியாட்டம் இருக்குது என்றார். இரண்டாவதைப் பிடித்தார். இது பரவாயில்லை, ஆனால் ரோட்டுக்கும் நமக்கும் நடுவில் யாரோ மெத்தை போட்டாப்புல இருக்குது என்றார். மூன்றாவதைப் பிடித்தபோது கரண்ட் போய்விட்டது. திரை இருண்டது, மின்விசிறி மெல்லச் சுற்றி நின்றது, குழந்தைவேல் மன்னிப்புக் கேட்கிற குரலில் கொஞ்சம் இருங்க, வந்துரும் என்றார். ஆனால் ஸ்டியரிங் நிற்கவில்லை. பெரியண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு விரல் அகலம் இடப்பக்கமும் அரை விரல் வலப்பக்கமுமாக அதோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தார்.

"இது அதிலாபாத் தாண்டி நாக்பூர் போற ரோடு," என்றார். "லோடு வண்டி. முன்னாடி இடது டயர்ல காத்துக் கம்மி, அந்தப் பக்கமே இழுக்குது."

வளர்மதிக்கு அந்த ரோட்டில் தெரிந்தவன் ஒருத்தன்தான். கடை வாசலுக்குப் போய்ப் போன் போட்டாள். அதிலாபாத் தாண்டி முக்கால் மணி நேரம் ஆகிறது என்றான் மாதேசு. அவள் டயரைப் பார்க்கச் சொன்னாள். வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு வந்து, ஆமாம், இடது முன் டயர்தான், யார் சொன்னது என்று கேட்டான். உன் மாமா என்றாள். எதிர்முனையில் வெகுநேரம் லாரிகள் கடந்து போகிற சத்தம் மட்டும் கேட்டது.

அவளும் அதிசயப்படவில்லை, கடைக்காரரும் அதிசயப்படவில்லை. லாரிக்கு எலுமிச்சம்பழம் கட்டாமல் சாவி போடாத ஊர் அது. ஒரு ஸ்டியரிங் எங்கோ ஓடுகிற இன்னொரு ஸ்டியரிங்கைத் தெரிந்துவைத்திருப்பதில் பெரிதாக என்ன இருக்கிறது என்றுதான் பவானி சாலை நினைத்தது. மறுநாள் காலையில் ஏழெட்டுப் பெண்கள் கடை முன்னால் நின்றார்கள். அதற்கு மறுநாள் நாற்பது பேர். ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவர் மனசில் யார் இருக்கிறார்களோ அவர்கள் ஓட்டுகிற வண்டி கைக்கு வருகிறது என்பதை இரண்டு நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். நான்கு மாதமாகப் பெயரைக்கூடச் சொல்லாத மனுஷன், முதல்முறை அதைத் தொட்டபோது யாரை நினைத்துக்கொண்டிருந்தார் என்று வளர்மதிக்கு மட்டும் தெரிந்தது. அதை அவள் மாதேசிடம் சொல்லியிருக்கலாம். அவராகச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

குழந்தைவேல் டோக்கன் அச்சடித்தார். ஆளுக்கு ஐந்து நிமிஷம். அஸ்ஸாம் வண்டிக்காரர் வீட்டுக்கென்று தனியாகச் செவ்வாய்க்கிழமை முழுவதும், ஏனென்றால் அங்கே மழையில் போன் எடுக்காது. பிள்ளை பெற்றவள் பிள்ளையோடு வந்தாள், ஸ்டியரிங்கின் அதிர்வில் அது அப்பா மடியில் கிடப்பது போலத் தூங்கியது. யாரோ ஸ்டியரிங்குக்கு மஞ்சள் பூசினார்கள், யாரோ அதைத் துடைத்துவிட்டு மெஷினுக்கு ஆகாது என்று சண்டை போட்டார்கள். பெண்கள் ரோடு படிக்கக் கற்றுக்கொண்டார்கள். ஆந்திராவின் சிமெண்ட் ரோடு மணிக்கட்டில் டக் டக்கென்று அடிக்கும், ஒடிசாவில் பாலத்துக்கு முன்னால் ஒரு பள்ளம் இருக்கும், புருஷன் டீ குடிக்க நிறுத்தினால் என்ஜின் துடிப்பு மட்டும் உள்ளங்கையில் பூனைக்குட்டி மாதிரி இருக்கும் என்றெல்லாம் தண்ணீர்க் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். வண்டி ஓட்டுகிறவனுக்கு அது எதுவும் தெரியாது. அப்படித்தான் எல்லாரும் நம்பினார்கள்.

பிறகு சுகுணா உட்கார்ந்தாள். டயர்க் கடைத் தெருவில் குடியிருந்தவள் அவள். அவள் புருஷன் விஜயவாடாவில் லோடுக்காகக் காத்திருப்பதாகப் போன் பண்ணியிருந்தான். அவள் கையில் ஸ்டியரிங் நான்கு நாள் கல் மாதிரி கிடந்தது. ஐந்தாம் நாள் சாயங்காலம் அசைந்தது. சின்ன வண்டியின் லேசான ஸ்டியரிங், நான்கு தெரு, மூன்று திருப்பம், அப்புறம் நின்றுவிட்டது. மறுநாளும் அதே நேரத்துக்கு அதே நான்கு தெரு. சுகுணா எதுவும் சொல்லாமல் எழுந்து போனாள். அவள் சொல்லாததை, அந்த நான்கு தெருவின் முடிவில் இன்னொருத்தி வீடு இருப்பதை, மற்றவர்கள் புரிந்துகொண்டார்கள்.

அந்த வாரத்தில் டிரைவர்கள் சங்கம் கூடியது. வண்டியில் ஏறினால் பதினைந்து நாளைக்கு எங்களுக்கென்று இருப்பது அந்த ஸ்டியரிங் ஒன்றுதான், அதற்குள்ளும் வீட்டு ஆட்கள் கை விட்டால் எப்படி என்று ஒருவர் கேட்டார். உடைத்துவிடலாம் என்றார்கள் சிலர். உடைத்தால் ஓடுகிற வண்டிகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று வேறு சிலர் கேட்டார்கள். தீர்மானம் எதுவும் போடாமல் கலைந்தார்கள்.

மறுநாள் முதலாளி நல்லசிவம் வந்தார். நாற்பத்திரண்டு லாரி வைத்திருந்தவர், மாதேசு ஓட்டியதும் அவர் வண்டிதான். வரிசையில் நின்ற பெண்கள் விலகி வழி விட்டார்கள். அவர் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். அது அசையவில்லை. ஒரு வண்டியின் நம்பரைச் சொல்லி நினைத்துப் பார்த்தார், பிறகு இன்னொரு நம்பரை, பிறகு இன்னொன்றை. பத்து நிமிஷம் கழித்து எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை, கெட்டிக்காரர். நேராக வளர்மதியின் வீட்டுக்குப் போனார்.

பெரியண்ணனிடம் அவர் சொன்னது சுருக்கமானது. அந்த ஸ்டியரிங்கை நான் வாங்கி ஆபீசில் வைக்கிறேன். நீ வந்து உட்கார். என் டிரைவர்கள் எல்லாரையும் உனக்குத் தெரியும், நீ நினைத்தால் வரும். யார் தூங்குகிறான், யார் டீசலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறான், யார் எங்கே நிற்கிறான் என்று சொன்னால் போதும். தோள் சரியாகிற வரைக்கும் இல்லை, உயிர் இருக்கிற வரைக்கும் வேலை.

யோசித்து வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றார் பெரியண்ணன். முதலாளி போன பிறகு வளர்மதி, இத்தனை வருஷம் கூட ஓட்டியவர்களைக் காட்டிக்கொடுக்கிற வேலையா என்று கேட்டாள். அவர் வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பார்த்தார். அது பாதிக்கு மேல் ஏறவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு வளர்மதியின் டோக்கன். மாதேசு சோலாப்பூரில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தான், சாயங்காலத்துக்குள் சேலம் வந்துவிடுவான். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஒருமுறை பிடித்துப் பார்க்கலாம் என்று பெரியண்ணனும் கூட வந்து பக்கத்தில் நின்றார். பின்னால் சுவரோரமாகப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் பிடித்ததும் தம்பி வந்தான். சுங்கச்சாவடியின் வேகத்தடைகள் வரிசையாக அடித்தன, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. பெரியண்ணன் விளிம்பில் இரண்டு விரலை வைத்துப் பார்த்துவிட்டு, தொப்பூர் என்றார், இறக்கம் ஆரம்பிக்கப் போகுது என்றார். தர்மபுரியிலிருந்து சேலம் வருகிற வழியில் அந்தக் கணவாயைப் போல லாரிகளை விழுங்கிய இடம் வேறு இல்லை. சங்ககிரியில் அதன் பெயரை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. கொஞ்ச தூரம் போனதும் என்ஜினின் இறுக்கம் கையிலிருந்து மறைந்தது. வண்டி கியரிலிருந்து விடுபட்டு, தன் எடையில் தானே உருள ஆரம்பித்தது.

நியூட்ரலில் போட்டுவிட்டான் என்றார் பெரியண்ணன். அவருக்குக் கோபம் வந்தது. தான் சொல்லிக்கொடுத்த முதல் விஷயமே அதைச் செய்யக் கூடாது என்பதுதான். பிறகு அவர் முகம் மாறியது. ஸ்டியரிங்கில் ரோடு இருந்தது, எடை இருந்தது, சரளைக்கல்லின் பொடி அதிர்வுகூட இருந்தது. இருக்க வேண்டிய இன்னொன்று இல்லை.

"கையை எடுத்துட்டான், வளர்மதி."

அவள் நகர்வதற்குள் அவர் நாற்காலியில் பாதி உட்கார்ந்து இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டார். இதுவரை யாரும் அதைத் திருப்பியதில்லை, எல்லாரும் பிடித்து மட்டும்தான் இருந்தார்கள், திருப்பினால் திரும்பும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை, கைக்குத்தான் தோன்றியது. முதல் வளைவு வலப்பக்கம் என்று பதினெட்டு வருஷப் பழக்கம் சொன்னது. அவர் வலப்பக்கம் திருப்பினார். அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் முப்பது டன் வலப்பக்கம் திரும்பியது. அது திரும்பியதை, டயர்கள் வளைந்து நேரானதை, கடையில் நின்றிருந்த எல்லாரும் அவர் தோளில் பார்த்தார்கள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார், திறந்து என்ன பயன், அந்த ரோடு எந்தத் திரையிலும் இல்லை, எதிரே சுவரில் குழந்தைவேலின் காலண்டர் மட்டும் இருந்தது. நேர் ரோடு, எண்ணினார், இப்போது பாலம் வரும், பாலத்தின் இணைப்பு அடித்தது, இப்போது இடப்பக்கம், கொஞ்சமாக, அதிகம் திருப்பினால் லோடு சாய்ந்துவிடும். வேகம் ஏறிக்கொண்டே வந்தது, ஸ்டியரிங் சூடான தகரம் போலத் துடித்தது. தூங்கிட்டானா, தூங்கிட்டானா என்று வளர்மதி கேட்டுக்கொண்டே தம்பிக்குப் போன் போட்டாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. பின்னால் பெண்கள் எழுந்து நின்றிருந்தார்கள்.

அடுத்த வளைவில் எதிர்ப்பக்கம் கை வந்தது. மாதேசின் கை. பெரியண்ணனுக்கு நெஞ்சு லேசாகியது, விழித்துக்கொண்டான் என்று நினைத்தார். ஆனால் அந்தக் கை ரோட்டுக்குத் திருப்பவில்லை. பள்ளம் இருந்த இடப்பக்கத்துக்கு, அவசரமில்லாமல், தெரிந்தே, இழுத்தது.

"இவன் தூங்கலை," என்றார் அவர், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில். "இவன் தூங்கவே இல்லை, வளர்மதி."

அவள் போனைக் கீழே போட்டாள். அவர் வலப்பக்கம் இழுத்தார், அந்தக் கை இடப்பக்கம் இழுத்தது. நான்கு மாதமாக ஒரே கூரைக்குள் பேசாமல் ஒதுங்கிப்போன இரண்டு ஆண்கள், ஒரு சாண் வட்டத்துக்குள் ஒருவரையொருவர் பலம் கொண்ட மட்டும் இழுத்தார்கள். பெரியண்ணனின் தோளுக்குள் ஏதோ முறிகிற சத்தம் பக்கத்தில் நின்றவளுக்குக் கேட்டது. வலது கை செத்தது போல விழுந்தது.

வளர்மதி பிடித்தாள். அவளுக்கு சைக்கிள் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது, எந்தப் பக்கம் ரோடு எந்தப் பக்கம் பள்ளம் என்றும் தெரியாது. ஆனால் ஸ்டியரிங்கின் அந்தப் பக்கம் இருந்த கையை அவளுக்குத் தெரியும்; அம்மா இறந்தபோது ஆறு வயசில் அவள் முந்தானையை மூன்று நாள் விடாமல் பிடித்திருந்த கை அது. அந்தக் கை எங்கே போகப் பார்த்ததோ அதற்கு எதிராக, காலை மேசையின் கட்டையில் ஊன்றி, உடம்பு முழுவதையும் சாய்த்து இழுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். முதலில் அந்தக் கை எதிர்த்தது. பிறகு தயங்கியது. பிறகு, யார் என்று அடையாளம் தெரிந்த மாதிரி, நின்றது.

வண்டி நடுத்தடுப்புச் சுவரில் உரசியது. உரசி, விலகி, மறுபடி உரசி, கான்கிரீட் கொஞ்சம் கொஞ்சமாகத் தகரத்தைத் தின்கிற நடுக்கம் அவள் முழங்கை வரை ஏறியது. பெரியண்ணன் இடது கையால் அவள் கைமேல் பிடித்திருந்தார். அப்புறம் திடீரென்று வண்டி முழுவதும் முன்னால் குனிந்தது. பிரேக். ஒருமுறை, விட்டு இன்னொருமுறை, அப்புறம் முழுசாக. ஸ்டியரிங் அடங்கியது. கடைசியில் உள்ளங்கையில் எதுவுமே இல்லாமல் போனது.

இருபது நிமிஷம் கழித்து வளர்மதியின் போன் அடித்தது. சாலைப் பாதுகாப்பு வண்டிக்காரர் யாரோ. டிரைவர் மயங்கிவிட்டார் போலிருக்கிறது, விலா எலும்பில் அடி, உயிருக்கு ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம், கொடுத்துவைத்தவர்கள் நீங்கள் என்றார்.

மயங்கிவிட்டான் என்றே ஊர் சொன்னது. வளர்மதியும் பெரியண்ணனும் அதைத் திருத்தவில்லை. மாலைக்குள் பவானி சாலை முழுக்க ஆள், ஸ்டியரிங்குக்கு மாலை, சூடம், தேங்காய். உடைக்கச் சொன்ன டிரைவர்களே வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமை காலையில் நல்லசிவம் வந்தார், இப்போது அவருக்கு அது இரண்டு மடங்கு வேண்டியிருந்தது. ஆபீசில் உட்கார்ந்தே வண்டிகளைத் திருப்பலாம் என்றால் வேறென்ன வேண்டும். பெரியண்ணன் கட்டுப்போட்ட கையோடு அவர் முன்னால் நின்று, அந்த வேலை எனக்கு வேண்டாமுங்க என்று மட்டும் சொன்னார். நல்லசிவம் கடைப்பக்கம் திரும்பியபோது வாசலில் பெண்கள் நின்றிருந்தார்கள், படி முழுக்க, ஒருத்தி தோளோடு ஒருத்தி. வழிவிடச் சொன்னார். விடவில்லை. அதைக் கழற்றிக்கொண்டு போவதென்றால் தங்களைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று தெரிகிற மாதிரி நின்றார்கள். அவர் காரில் ஏறிப் போனார்.

அவர் போன பிறகுதான் சுகுணா பேசினாள்.

"அது திரும்பும்னு அன்னைக்கே தெரிஞ்சிருந்தா, நான் திருப்பியிருப்பேன்," என்றாள். "சாமி சத்தியமாத் திருப்பியிருப்பேன்."

யாரும் அவளைத் திட்டவில்லை. ஒவ்வொருத்தியும் தனக்குள் ஒரு நாளைத் தேடிப்பார்த்துக்கொண்டாள். அடி வாங்கிய நாள், பொய் தெரிந்த நாள், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட அன்று போனை அணைத்துவைத்திருந்தவனை நினைத்துக்கொண்டிருந்த நாள். காப்பாற்றுகிற கை எதுவோ அதுவேதான் கவிழ்க்கிற கையும் என்று அந்த வாசற்படியில் பன்னிரண்டு பெண்களுக்கு ஒரே நேரத்தில் புரிந்தது. அது கடையில் இருக்கக் கூடாது என்று அவர்கள்தான் முடிவு செய்தார்கள். யார் வீட்டில் இருக்கலாம் என்பதற்கு அதிகம் யோசிக்கவில்லை. குழந்தைவேலே அதைக் கழற்றிச் சாக்கில் சுற்றி மொபெட்டில் கொண்டுவந்து வளர்மதியின் வீட்டில் வைத்தார், கூடவே பெல்ட் வைத்த இரண்டாவதையும்; தோளுக்கு அதுதான் சரிப்படும் என்றார். யாராவது மூன்றாவதைப் பிடிக்க வேண்டும் என்றால் இரண்டு பேராக வர வேண்டும், பிடிக்கலாம், திருப்பக் கூடாது, இதுதான் பேச்சு.

பத்து நாள் கழித்து மாதேசு வந்தான். இளைத்திருந்தான். பெரியண்ணன் இந்த முறை எழுந்து பின்பக்கம் போகவில்லை. வளர்மதி கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, தும்கூருக்கு அப்புறம் ஒரு நாளும் தூங்கியதில்லை என்றான், ஸ்டியரிங்கைப் பிடித்தாலே மாமாவின் தோள் முறிகிற சத்தம் கேட்கிறது என்றான், திட்டியிருந்தால் பரவாயில்லை என்றான்.

"கையை எடுத்தப்ப எனக்குப் பயமே இல்லக்கா. வேற யாரோ திருப்பறாங்கன்னு தெரிஞ்சப்பத்தான் பயமாப் போச்சு. மொதல்ல மாமா கைன்னு தெரிஞ்சுச்சு. அவருக்கு இன்னமும் கோபம்னு நெனச்சேன். அப்புறம் உன்ற கை வந்துச்சு."

வளர்மதி அழுதாள். அவன் அழவில்லை. பெரியண்ணன் இடது கையால் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். பேசப் பழக்கமில்லாத மனுஷன், நான்கு மாதம் சேர்த்துவைத்ததை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருந்தார்.

"எங்ககிட்ட ஸ்டேரிங் மட்டுந்தான் இருந்துச்சு, மாப்ள," என்றார் கடைசியில். "பிரேக்கு இல்ல. பிரேக்கை மிதிச்சது உன்ற காலு."

மாதேசு நிமிர்ந்து பார்த்தான். அவன் அதை யோசித்திருக்கவில்லை. அப்போதுதான் அவனும் அழுதான்.

டாக்டரம்மாவிடம் வளர்மதி உண்மையைச் சொன்னாள். அவர் ஈரோட்டிலேயே ஒரு மனநல டாக்டரிடம் அனுப்பினார். வாரம் ஒருநாள் பெரியண்ணனே அவனை பஸ்சில் கூட்டிக்கொண்டு போனார், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், திரும்பும் வழியில் இரண்டு பேரும் அதிகம் பேசாமல் கரும்புச்சாறு குடித்தார்கள். சாயங்காலங்களில் மாதேசு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது ஸ்டியரிங்கில் கேம் ஓட்டக் கற்றுக்கொடுத்தான். பெரியண்ணன் சிவப்புக் காரை மாட்டு வண்டி வேகத்தில், இண்டிகேட்டர் எங்கே என்று கேட்டுக்கொண்டே ஓட்டினார், எல்லாப் பந்தயத்திலும் கடைசியாக வந்தார், ஆனால் ஒருமுறைகூட யார் மேலும் இடிக்கவில்லை. ஐப்பசி போய், கார்த்திகை போய், மார்கழியும் போய், தை பிறந்தது. டாக்டர் சரி என்ற பிறகு மாதேசு வேறொரு முதலாளியின் வண்டியில் சாவி வாங்கினான். முதல் லோடு நாக்பூருக்கு. நானும் வருகிறேன், இடது சீட்டில் உட்கார்ந்துக்கிறேன் என்று பெரியண்ணன் கிளம்பினார்.

அவர்கள் போன ஒன்பது நாளும் மூன்றாவது ஸ்டியரிங் வீட்டு மூலையில் மேசையில் இருந்தது. பெண்கள் இரண்டு பேராக வந்து பிடித்துவிட்டுப் போனார்கள். வளர்மதி பிடிக்கவில்லை. ஆறாம் நாள் சுகுணா வந்து, உனக்கு என்னடி, நீ ஒரு தடவை பாக்கக் கூடாதா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்றாள். ஒன்பதாம் நாள் காலையில் பெரியண்ணன் கிருஷ்ணகிரியிலிருந்து போன் பண்ணினார், மத்தியானத்துக்குள் வந்துவிடுவோம் என்றார். அப்படியென்றால் பதினோரு மணிக்குத் தொப்பூர். அவள் பத்தரைக்கு அரிசி களைந்தாள். பத்தே முக்காலுக்கு மேசைப் பக்கம் போய், நாற்காலியை இழுத்து, அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஸ்டியரிங் யாருக்காகவும் அசையாமல் இருந்தது. தொட்டால் வந்துவிடுவான். சுங்கச்சாவடி, வேகத்தடை, இறக்கம், எல்லாம் உள்ளங்கைக்கு வந்துவிடும், தப்பாகப் போனால் இழுத்துவிடலாம். அவள் கை அவள் பேச்சைக் கேட்கவில்லை, மேசை வரை போனது. அவள் கையை இழுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், துவைக்க வேண்டியதில்லாத போர்வையை எடுத்துக் கல்லில் போட்டு அடித்தாள். அடித்தாள், பிழிந்தாள், மறுபடி நனைத்து அடித்தாள். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. பதினொன்றே கால், பதினொன்றரை. கைவிரல்கள் ஊறி வெளுத்துப்போயின.

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் போன் அடித்தது. மாதேசு.

தொப்பூர் இறங்கிட்டோம், வண்டியை ஓரம் கட்டி டீ குடிக்கிறோம், மாமா எனக்குப் பக்கத்துல தூங்கிட்டு வந்தாரு, இப்பத்தான் எழுந்தாரு என்றான். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

"பிடிச்சிருந்தியாக்கா?" என்று கேட்டான்.

"இல்லடா சாமி. தொடவே இல்ல."

எதிர்முனையில் லாரிகள் கடந்து போயின. யாரோ டீக்குக் காசு கேட்டார்கள், பெரியண்ணனின் குரல் பக்கத்தில் ஏதோ சொன்னது.

"அப்ப," என்றான் மாதேசு, "நாந்தான் ஓட்டிட்டு வந்தேன்."